அண்ணியோடு நாலு நாள் கடற்கரை: பினாங்கா, பாங்கோரா, லங்காவியா?

செந்தூல்_மாலைவெயில் | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். 34 வருட அரசாங்க வேலை முடிந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். என் அண்ணியை நம் மலேசியத் தீவு ஒன்றுக்கு அழைத்துப் போய், கடலைப் பார்த்தபடி நாலு நாள் சும்மா உட்கார வைக்க வேண்டும் என்று ஆசை.

கொஞ்சம் வீட்டுக் கதை சொன்னால்தான் உங்களுக்கு யோசனை சொல்ல வசதியாக இருக்கும். நான் படிவம் மூன்று படிக்கும்போது அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். அப்போது அவருக்கு 22 வயது. எனக்குத் தலை பின்னிவிட்டதும், எஸ்.பி.எம். (படிவம் ஐந்து) சோதனைக்கு நான் படித்த இரவுகளில் கூடவே விழித்திருந்து கோப்பி கலக்கிக் கொடுத்ததும் அவர்தான். அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வருடமும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அண்ணன் தவறி மூன்று வருடம் ஆகிறது. இப்போது மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கல்யாணம், கருமாதி, கோயில், மருத்துவமனை, இவற்றைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. கடற்கரை என்று பார்த்தது போர்ட் டிக்சன் மட்டும். உறவுக்காரர்கள் பஸ் எடுத்துப் போனோம். அங்கேயும் மரத்தடியில் அடுப்பு மூட்டி 40 பேருக்குச் சமைத்தார். கடலுக்கு முதுகு காட்டியே அந்த நாள் போய்விட்டது.

அண்ணிக்கு இப்போது 66. முட்டி வலி உண்டு, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. நாங்கள் இருவர் மட்டும் போகிறோம். பிப்ரவரியில், தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் முடிந்த பிறகு. இடம் பார்க்க ஓட வேண்டாம், அலைச்சல் வேண்டாம். எந்தத் தீவு சரியாக இருக்கும்?

பினாங்குத்தீவான் | திங்கள், இரவு 9.48

அக்கா, வணக்கம். நான் ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன், அதனால் எங்கள் ஊரைத்தான் சொல்வேன். பத்து பெரிங்கி கடற்கரைக்கு வாருங்கள். கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் ஈ.டி.எஸ். விரைவு ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கிவிடலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, அண்ணிக்கு மைகாட் (அடையாள அட்டை) எண்ணைப் போட்டுச் சீட்டு எடுங்கள். வயதானவர்களோடு வரும்போது தீவில் எல்லா வசதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய நிம்மதி. நல்ல மருத்துவமனை, மருந்துக்கடை, நம் சாப்பாடு, கிராப் காடி (வாடகைக் கார்) எல்லாம் உண்டு. மற்ற தீவுகளில் இவை எல்லாம் ஒன்றாகக் கிடைப்பது கடினம்.

நீலக்கடல்77 | திங்கள், இரவு 10.20

கடல் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பினாங்கு வேண்டாம் என்பேன். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு மிதந்துகொண்டே இருக்கும். பத்து பெரிங்கியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது. மணலும் பரபரவென்று இருக்கும். நான் முக்குளிக்கப் போகிறவன். கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளின் தண்ணீரை ஒரு தடவை பார்த்துவிட்டால் வேறு எதுவும் மனதில் நிற்காது. கோலா பெசூட் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து விசைப்படகில் முக்கால் மணி நேரத்துக்குள் பெர்ஹெந்தியான். அண்ணி முதல் தடவை கடலை நிதானமாகப் பார்க்கப் போகிறார். அது நல்ல கடலாக இருக்கட்டுமே.

ஓய்வாசிரியர் | செவ்வாய், காலை 6.35

நீலக்கடல் தம்பி சொல்வது ஏப்ரலுக்குச் சரி, பிப்ரவரிக்குச் சரிவராது. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேராகக் கிழக்குக் கரையை அடிக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூன்றிலும் பெரும்பாலான விடுதிகளை மூடிவிடுவார்கள். மார்ச் வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். அதே காற்றை நடுவில் நிற்கும் மலைத்தொடர் மறைத்துக்கொள்வதால், நம் மேற்குக் கரைக்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல வெயில் காலம். பினாங்கில் மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில். ஆகவே அம்மையார் தேர்ந்தெடுத்த மாதம் பினாங்கு, பாங்கோர், லங்காவி மூன்றுக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கவனிப்பதில்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணியைத் தாண்டித்தான். மதியம் மூன்று மணி வெயிலை மாலை வெயில் என்று நினைத்து மணலில் இறங்குகிறவர்கள் தோல் உரிந்து திரும்புகிறார்கள். காலை பத்து வரை, பிறகு மாலை ஐந்தரைக்கு மேல். சூரியன் மறைய ஏழரை ஆகும், அதனால் மாலையில் இரண்டு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

நீலக்கடல்77 | செவ்வாய், காலை 8.02

ஐயா சொன்னது சரி. பிப்ரவரி என்பதை நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன். கிழக்குக் கரை யோசனையை விட்டுவிடுங்கள் அக்கா.

சித்தியவான்காரன் | செவ்வாய், மதியம் 1.15

பாங்கோருக்கு யாரும் வாய் திறக்கவில்லையே. நான் சித்தியவானில் பிறந்து வளர்ந்தவன், என் பாட்டி வீடு பாங்கோரில் சுங்கை பினாங் கெச்சிலில். லூமுட்டில் பெரி (பயணிகள் கப்பல்) ஏறினால் முதல் நிறுத்தமே அதுதான், விடுதிக்குப் போகிறவர்கள் அவசரப்பட்டு இறங்கிவிடாமல் அடுத்ததான பாங்கோர் பட்டணத்தில் இறங்க வேண்டும். அங்கே இளஞ்சிவப்பு வேன்கள் வரிசையாக நிற்கும், அதுதான் தீவின் டாக்சி.

தெலுக் நிப்பாவில் தங்குங்கள். சாலையைக் கடந்தால் மணல், மணல் முடிந்தால் தண்ணீர். அலை பெரிதாக இருக்காது. பினாங்கில் இருக்கும் கூட்டமும் சத்தமும் வார நாட்களில் இங்கே கிடையாது. மாலை ஆறரைக்கு இருவாச்சிப் பறவைகள் காட்டிலிருந்து இறங்கி வந்து மின்கம்பியில் வரிசையாக உட்காரும். பழம் நீட்டினால் கையிலிருந்தே வாங்கிக்கொள்ளும். பார்க்க வேண்டும் என்றால் 1670இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது, அரை மணி நேரம் போதும். அண்ணி கோயிலுக்குப் போகிறவர் என்றால் பத்ரகாளியம்மன் கோயில் கடலோரத்திலேயே இருக்கிறது. மாசி மகத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தீவே நிரம்பிவிடும், அந்த நாட்களை மட்டும் பார்த்துத் தள்ளிக்கொள்ளுங்கள், அறை கிடைக்காது.

கிள்ளான், கே.எல். நண்பர்கள் பாங்கோரைச் சின்ன ஊர் என்று ஒதுக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சின்னதாக இருப்பதுதான் அதன் அழகு.

கிள்ளான்_தங்கச்சி | செவ்வாய், இரவு 8.40

எந்தத் தீவு என்பதைவிட, கூட வருகிறவருக்கு என்ன வேண்டும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும் அக்கா. இதை நான் அழுது கற்றுக்கொண்டேன்.

நானும் என் தோழியும் இரண்டு வருடத்துக்கு முன் லங்காவி போனோம். 16 வருட நட்பு. நான் மூன்று நாளுக்கும் மணி போட்டு அட்டவணை எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் கேபிள் காடி, மேலே அந்த 125 மீட்டர் வளைந்த பாலம், மாலையில் செனாங் கடற்கரை. இரண்டாம் நாள் காலையில் தீவு சுற்றும் படகு, மதியம் சதுப்புக்காட்டுப் படகு. அவள் அந்த மாதம்தான் ஒரு பெரிய வேலைப்பளு முடிந்து வந்திருந்தாள், அவளுக்கு வேண்டியது தூக்கம். நான் கேட்கவே இல்லை. ஊர்ப்பட்ட பணத்தைக் கட்டிவிட்டு அறையில் தூங்கவா வந்தோம் என்று இரண்டாம் நாள் காலையில் கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. படகில் நாலு மணி நேரமும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்தது, கழுகு வட்டமடித்தது. எதுவுமே மனதில் ஒட்டவில்லை.

இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம், ஆனால் சேர்ந்து பயணம் போகலாமா என்று இருவருமே கேட்பதில்லை.

நீங்கள் அண்ணிக்காக ஆசை ஆசையாக யோசிக்கிறீர்கள், படிக்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அண்ணியிடம் கேட்டீர்களா?

செந்தூல்_மாலைவெயில் | புதன், காலை 11.25

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் நான் கேட்கவில்லை. திடீரென்று சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான் இருந்தேன். நேற்றிரவே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

வழக்கம்போல முதலில் "எனக்கு எதுக்கும்மா, பிள்ளைங்களை யாரு பாக்குறது" என்றார். பிள்ளைகளை அவர்களுடைய அப்பா அம்மா பார்த்துக்கொள்வார்கள், அதை நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "பெரி ஏறிப் போவோமா?" என்று கேட்டார்.

அண்ணி சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் அவருடைய அப்பா தைப்பூசத்துக்குப் பினாங்கு அழைத்துப் போயிருக்கிறார். பட்டர்வொர்த்திலிருந்து பெரி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம், காற்றில் ரிப்பன் பறந்து கடலில் விழுந்துவிட்டதாம். அதற்கப்புறம் லயத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். 44 வருடமாக எனக்கு அண்ணி, இந்தக் கதை எனக்குத் தெரியாது.

"அங்க போய் என்ன செய்யணும் அண்ணி?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேணாம். யாரும் வந்து கோப்பி இருக்கான்னு கேக்காம இருந்தா போதும்" என்றார்.

ஆக, பினாங்குதான். பாங்கோர் அண்ணன் மன்னிக்க வேண்டும். அடுத்த முறை கட்டாயம் வருகிறோம்.

பினாங்குத்தீவான் | புதன், மதியம் 12.50

அக்கா, பெரி பற்றி ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அண்ணி ஏமாந்துவிடக் கூடாது. காடிகளை ஏற்றிக்கொண்டு, பக்கமெல்லாம் திறந்தபடி போகும் அந்தப் பழைய இரட்டைத் தட்டுப் பெரிகள் 2020ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து புதிய பெரிகள் ஓடுகின்றன. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான், உள்ளே குளிரூட்டி. பழையபடி காற்று முகத்தில் அடிக்காது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஜார்ஜ்டவுன் மெல்லக் கிட்டே வருவது நன்றாகத் தெரியும். கால் மணி நேரப் பயணம்தான்.

பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் வழியாகப் பெரி ஏறுமிடம் வரை நடைபாதை இருக்கிறது. முட்டி வலி உள்ளவருக்கு அது கொஞ்சம் நீளம், பெட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரை நிதானமாக நடக்க விடுங்கள். தீவுப் பக்கம் இறங்கியதும் ஜெட்டியிலேயே 101 பஸ் கிடைக்கும். கொம்தார், தஞ்சோங் பூங்கா வழியாகப் பத்து பெரிங்கி தாண்டித் தெலுக் பஹாங் வரை போகிறது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், தஞ்சோங் பூங்காவுக்குப் பிறகு சாலை கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். வலது பக்கம் உட்காருங்கள். கூட்டமாக இருந்தால் யோசிக்காமல் கிராப் எடுத்துவிடுங்கள்.

தாதி_பிரிக்பீல்ட்ஸ் | புதன், இரவு 10.05

இனிப்பு நீர் என்று எழுதியிருந்ததால் வருகிறேன். 20 வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்கிறேன். விடுமுறைக்குப் போய் வந்து காலில் புண்ணோடு வருகிறவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன்.

அண்ணியை வெறுங்காலோடு மணலில் நடக்க விடாதீர்கள். நீண்ட நாள் இனிப்பு நீர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். மணல் சுடுவதும் தெரியாது, சிப்பி கிழித்ததும் தெரியாது. குதிகால் மூடிய, தண்ணீரில் நனைந்தாலும் கெடாத காலணி ஒன்று வாங்கிக் கொடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், ஈர மணலில் வழுக்கும், விரல் நடுவே மணல் புகுந்து தேய்க்கும். தினமும் இரவு அவர் பாதத்தை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. அவரே குனிந்து பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள், முட்டி வலியோடு யாராலும் முடியாது. இன்சுலின் போடுகிறவர் என்றால் மருந்தை வெயிலில் நிற்கும் காடியில் வைக்கக் கூடாது.

அப்புறம், ஒரு சின்ன போத்தல் வினிகர் கையில் இருக்கட்டும். பினாங்குக் கடலில் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) உண்டு. பெட்டி வடிவில் இருக்கும் கொடிய இனமும் அதில் உண்டு. பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, பைப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, இரண்டுமே விஷத்தைக் கூட்டிவிடும். வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு திணறினால், நெஞ்சு வலித்தால் உடனே 999. பயமுறுத்த எழுதவில்லை. கணுக்கால் அளவில் நிற்கலாம், கண் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

செந்தூல்_மாலைவெயில் | வியாழன், காலை 9.30

மிக்க நன்றி தாதியம்மா. காலணி விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது.

ஒரு கேள்வி, பெண்கள் பதில் சொன்னால் நல்லது. அண்ணி சேலை மட்டும்தான் கட்டுவார். தண்ணீரில் கால் நனைக்கவாவது வேறு உடை வேண்டாமா? நீச்சல் உடை என்று பேச்செடுத்தாலே பயணத்தையே வேண்டாம் என்றுவிடுவார்.

கிள்ளான்_தங்கச்சி | வியாழன், காலை 10.12

பஞ்சாபி உடை எடுத்துக் கொடுங்கள் அக்கா, ஆனால் பருத்தி வேண்டாம். பருத்தி நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காலைச் சுற்றிக்கொண்டு தடுக்கிவிடும். மெல்லிய பாலியஸ்டர் துணியில், கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி. விடுதிக் குளத்தில் இறங்க ஆசைப்பட்டால் மட்டும் நீச்சல் உடை கேட்பார்கள். மலாய்ப் பெண்கள் போடும் முழுக்கை முழுக்கால் நீச்சல் உடை எல்லா பேரங்காடியிலும் கிடைக்கிறது, என் அம்மாவுக்கு அதைத்தான் வாங்கினேன். முதலில் வெட்கப்பட்டார், இப்போது குளத்தைவிட்டு ஏற மாட்டேன் என்கிறார்.

காசு விஷயத்துக்கு ஒரு வழி: கிளம்பும்போதே ஆளுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) ஒரு சின்னப் பையில் போட்டுவிடுங்கள். சாப்பாடு, காடி எல்லாம் அதிலிருந்து. பையை அண்ணி கையில் கொடுங்கள். "நீ ஏன் செலவு பண்றே" என்ற பேச்சே வராது.

ஓய்வாசிரியர் | வியாழன், மாலை 5.50

நாலு நாளில் ஒரே ஒரு நாள் எங்காவது போகலாம் என்று தோன்றினால், தெலுக் பஹாங்கில் படகு பிடித்துக் கெராச்சுட் கடற்கரைக்குப் போய் வரலாம். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய காடு அது. அங்கே ஆமை பாதுகாப்பு நிலையம் ஒன்று உண்டு. நடந்து போனால் ஒன்றரை மணி நேர ஏற்ற இறக்கம், அம்மையாரின் முட்டிக்கு ஆகாது, படகுதான். ஆனால் படகில் ஏறி இறங்கவும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அவரே ஆசைப்பட்டால் பாருங்கள். தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயில் கடலோரத்தில் இருக்கிறது, அது சுலபம்.

செந்தூல்_மாலைவெயில் | ஞாயிறு, இரவு 8.15 (மூன்று வாரம் கழித்து)

போய் வந்துவிட்டோம். உதவிய எல்லோருக்கும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நடந்த வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். நான் ஒரு சின்ன விடுதியில் தொலைபேசியில் பேசி, முட்டி வலி என்று சொல்லி, கீழ்த்தள அறை வேண்டும் என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் முன்பணம் கட்டினேன். போனால் மூன்றாம் மாடியில் அறை. லிப்ட் இல்லை. கீழ்த்தளம் நிரம்பிவிட்டது என்றார்கள். அண்ணி "பரவால்லம்மா, மெதுவா ஏறிடுறேன்" என்று படியில் கால் வைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் விடவில்லை. கட்டிய 120 வெள்ளி திரும்பி வரவில்லை. போனால் போகட்டும் என்று பக்கத்தில் கடலைப் பார்த்த இன்னொரு விடுதியில் லிப்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அறை எடுத்தேன். தொலைபேசிப் பேச்சை நம்பாதீர்கள். கீழ்த்தளம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரி. பினாங்குத்தீவான் தம்பி முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். கால் மணி நேரமும் அந்த நெற்றி நகரவில்லை. இறங்கும்போது "சீக்கிரம் வந்துட்டோமே" என்றார். அதனால் திரும்பி வரும் நாள் ஒரு முறைக்கு இரண்டு முறை போய் வந்தோம்.

முதல் நாள் அவருக்குச் சும்மா இருக்கவே தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார், விடுதித் துண்டுகளை மடித்து அடுக்கினார், கோப்பிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். பசியாறப் போன கடையில், குடித்து முடித்ததும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார், எங்கே கழுவுவது என்று பார்த்தபடி. கடைக்காரர் ஓடி வந்து வாங்கிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இரண்டாம் நாள் காலையில்தான் அது நடந்தது. ஏழரை மணி, தண்ணீர் வற்றிப் பின்னால் போயிருந்தது. அலையோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். காலணி போட்டிருந்தார். ஈர மணலில் மிளகு அளவு, பட்டாணி அளவு சின்னச் சின்ன மணல் உருண்டைகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கோடு கோடாகப் பரப்பி வைத்த மாதிரி. அண்ணி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நடந்து போய்த் திரும்பி வந்தபோது விரலை உதட்டில் வைத்து என்னை நிற்கச் சொன்னார். ஒரு விரல் நகத்தைவிடச் சின்ன நண்டு. மணல் நிறம், அசைந்தால்தான் தெரியும். இரண்டு கையாலும் மணலை வாரி வாரி வாயில் போடுகிறது, வாய் மேலே ஒரு உருண்டை வளர்கிறது, அதை எடுத்துக் காலுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறது, ஒரு எட்டு நகர்ந்து மறுபடி தொடங்குகிறது.

"மண்ணுல என்னமோ இருக்கு, அத மட்டும் தின்னுட்டு மண்ண உருட்டிப் போட்டுடுது பாரு" என்றார் அண்ணி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அரை மணி நேரம் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். நான் கால் வைத்ததும் அத்தனையும் துளைக்குள் போய்விட்டன. "அசையாம நில்லு, வரும்" என்றார். நின்றேன். வந்தன. எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. வெயில் முதுகில் சுட்டபோதுதான் ஒன்பதரை ஆகிவிட்டது தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் துண்டு மடிக்கவில்லை. சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

மாலையில் மணலில் உட்கார்ந்து பேசினோம், பெரும்பாலும் அண்ணனைப் பற்றி. பிப்ரவரியில் பத்து பெரிங்கியில் சூரியன் கடலுக்குள் இறங்குவதில்லை, இடது பக்கம் மலைக்குப் பின்னால் மறைகிறது, கடல் மட்டும் நிறம் மாறுகிறது. அண்ணனுக்கு நீச்சல் தெரியும் என்பதும், தன்னை ஒரு நாள் கடலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கெராச்சுட் போகவில்லை. கொடிமலைக்கும் (பினாங்கு மலை) போகவில்லை. காளியம்மன் கோயிலுக்கு மட்டும் போய் ஒரு அர்ச்சனை செய்தோம். இரவுச் சந்தையில் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கினார், பொதுப்பையிலிருந்து எடுக்காமல் தன் பணத்தில். பாதத்தைத் தினமும் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. முதல் நாள் கால் நீட்டக் கூச்சப்பட்டார், மூன்றாம் நாள் தானே நீட்டினார்.

ஓய்வாசிரியர் | ஞாயிறு, இரவு 9.20

அம்மையாரின் அண்ணி சொன்னது முற்றிலும் சரி. தண்ணீர் வற்றும்போது மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவைத்தான் அந்த நண்டுகள் சலித்துத் தின்கின்றன. ஏற்கெனவே தின்ற மணலை மறுபடி எடுக்காமல் இருக்கத்தான் உருண்டையாக்கி ஒதுக்குகின்றன. நெய்தல் நிலத்துப் பெண்கள் அலவனை, அதாவது நண்டை, ஓட்டி விளையாடியதைச் சங்கப் பாட்டுகளில் வகுப்பில் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். பட்டர்வொர்த்தில் கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு காலை கூட நான் உட்கார்ந்து அதைப் பார்த்ததில்லை. நாளை விடிகாலை போகலாம் என்றிருக்கிறேன். என் மனைவியையும் கேட்டேன், வருகிறேன் என்றார்.

தாதி_பிரிக்பீல்ட்ஸ் | ஞாயிறு, இரவு 10.02

பாதம் பார்த்ததற்கு நன்றி அக்கா. இதைத்தான் வார்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கிள்ளான்_தங்கச்சி | ஞாயிறு, இரவு 10.30

படித்துவிட்டு என் தோழிக்கு உங்கள் பதிவை அப்படியே அனுப்பினேன். "நண்டு பார்க்கப் போவோமா?" என்று மட்டும் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை, ஆனால் படித்துவிட்டாள்.

சித்தியவான்காரன் | திங்கள், காலை 7.10

அக்கா, அந்த நண்டு பாங்கோரிலும் உண்டு. சொல்லி வைத்துவிட்டேன்.

செந்தூல்_மாலைவெயில் | திங்கள், காலை 7.45

நேற்றே அண்ணி கேட்டுவிட்டார், அந்தப் பறவை கையில் பழம் வாங்கித் தின்னுமாமே, நிஜமா என்று. இந்த முறை அவர் மகனே காடியில் லூமுட் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார், ஒரு இரவு அவரும் தங்கிவிட்டுப் போகட்டும். லூமுட்டில் காடியை எங்கே விடுவது நல்லது? தெலுக் நிப்பாவில் கீழ்த்தள அறை உள்ள இடம் உங்களுக்குத் தெரிந்து இருக்கிறதா?

சித்தியவான்காரன் | திங்கள், காலை 8.05

படகுத்துறையை ஒட்டியே காசு கட்டி விடும் இடங்கள் இருக்கின்றன, கூரை உள்ளதாகப் பார்த்து விடச் சொல்லுங்கள். தெலுக் நிப்பாவில் பல விடுதிகள் தரையோடு தரையாகத் தனித்தனி அறைகளாகத்தான் இருக்கும், மாடிப்படிக் கவலையே இல்லை. தேதி சொல்லுங்கள், இந்த வாரம் பாட்டியைப் பார்க்கப் போகிறேன், நேரில் போய் வாசல்படி எத்தனை என்று எண்ணிவிட்டு வந்து சொல்கிறேன்.